சூரியனுக்கும் ஓர் ஆரம்ப இருப்பு

"மாப்ளே, ஏப்ரல்ல உனக்கு என்ன வேலை?" என்று அத்தான் போனில் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனிடம் 'என்ன வேலை' என்று கேட்பவர்கள், ஏற்கெனவே ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

வேலை இதுதான். அக்கா மகன் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து பதினெட்டுப் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்கு நாலு நாள் கூட்டிப் போகிறார்கள். துணைக்கு ஒரு பெரிய ஆள் குறைகிறது. நான் போக வேண்டும். போய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

"உளவு பாக்கச் சொல்றீங்களா அத்தான்?"

"சேச்சே! ஆடிட்டுன்னு வச்சுக்கயேன். நீ பி.காம். தானே?"

அத்தானுக்கு மதுரையில் இரும்புக்கடை. எடை போட்டு, அளந்து, பில் போட்டுத்தான் அவருக்கு எதையும் நம்பிப் பழக்கம். பையன் படிப்பதோ மாண்டிசோரி பள்ளி. (பெயர் வேண்டாம். ஊரில் நான் நடமாட வேண்டியிருக்கிறது.) அங்கே ரேங்க் இல்லை, மார்க் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையனும் பதினைந்து வயதுப் பெண்ணும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து மண்புழு உரம் சலிக்கிறார்கள். பையனுக்குப் பதினாலு ஆகிறது. எங்கே என்ன பரீட்சை வைத்தாலும் கேள்வித்தாளை வெறித்துப் பார்த்துவிட்டுப் பாதி எழுதி எழுந்து வந்துவிடுகிறான். கேட்டால் பதில் இல்லை. ஆகவே அத்தான், விடுதியில் வைத்து ராத்திரி பதினோரு மணி வரை படிக்க வைக்கும் ஒரு பள்ளியின் விண்ணப்பத்தை வாங்கி மேஜை டிராயரில் வைத்திருக்கிறார். ஏப்ரல் 30 கடைசி நாள். அக்காவுக்கு இதில் இஷ்டமில்லை. இருவரும் ஒரு மாதமாகப் பையன் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடா" ரகம்.

இத்தனைக்கும் நடுவில் என் ஆடிட் ரிப்போர்ட்.

2025 ஏப்ரல் 15, சித்திரை பிறந்த மறுநாள், வேன் கிளம்பியது. வத்தலக்குண்டில் வாழைப்பழம், மலையேறும் முன் இ-பாஸ் சரிபார்ப்பு, பதினோராவது கொண்டை ஊசி வளைவில் ஒரு வாந்தி (நான்தான்) என்று வழக்கமான கொடைக்கானல் பயணம். வெள்ளி நீர்வீழ்ச்சியில் நின்று போட்டோ எடுத்தோம். அங்கேயுள்ள குரங்குகளுக்கு என் சிப்ஸ் பாக்கெட்டின் பிராண்ட் பிடித்திருந்தது. சாயந்திரம் ஏரியைத் தாண்டி ஒரு பழைய பங்களாவில் இறங்கினோம்.

இறங்கியதும் கணக்கைக் கேட்டேன். ஆடிட்டர் அல்லவா?

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பொருளாளர். நீள நோட்டு ஒன்றை நீட்டினாள். முதல் வரி, 'ஆரம்ப இருப்பு ரூ. 3,240'. அதற்குக் கீழே உரம் விற்றது, கடலை மிட்டாய் விற்றது, கீரை விற்றது, வேன் வாடகை, அரிசி, மண்ணெண்ணெய் ஸ்டவ் ரிப்பேர். எல்லாம் கச்சிதம். பயணச் செலவில் ஒரு பங்கை அவர்களே சம்பாதித்திருக்கிறார்கள். நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். டேலி ஆனது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"இது விளையாட்டுக்கு இல்லை சார். பாடத்திட்டமே இதுதான்" என்றார் கூட வந்திருந்த ஆசிரியை. ஐம்பதைத் தாண்டியவர். கைத்தறிப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. பிள்ளைகள் எல்லோரும் அவரை 'அக்கா' என்கிறார்கள். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரையிலான வயதில் பிள்ளைகளை நாலு சுவருக்குள் அடைக்காதே, மண்ணில் வேலை செய்ய விடு, விற்க விடு, வாங்க விடு என்பது மரியா மாண்டிசோரியின் கட்சி. இதற்கு அவர் வைத்த ஜெர்மன் பெயர் 'எர்ட்கிண்டர்'. மண்ணின் பிள்ளைகள் என்று அர்த்தமாம்.

"மண்ணின் பிள்ளைங்க எதுக்கு மேடம் சூரியனைப் பாக்கக் கொடைக்கானல் வரணும்?"

"அந்தம்மாவே இங்கேதான் சார் இருந்தாங்க."

எனக்கு மாண்டிசோரி என்றால் நர்சரி ஸ்கூல் போர்டில் இங்கிலீஷுக்கு முன்னால் போடுகிற ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அக்கா சொன்ன கதை வேறு. 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கி, இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவராக இருந்தவர். 1907-ல் ரோமில் சான் லொரென்சோ என்கிற ஏழைப் பேட்டையில் முதல் பள்ளியைத் திறந்தார். 1939 நவம்பரில், 69 வயதில், அடையாறு தியாசபிகல் சொசைட்டியின் அழைப்பில் மகன் மரியோவோடு சென்னைக்கு வந்தார். சில மாதப் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. அவ்வளவுதான், பாட்டியும் மகனும் ஒரே நாளில் எதிரி நாட்டவர்! மகனை அகமத்நகர் முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். அந்த ஆகஸ்ட் 31-ல் அவருக்கு எழுபது வயது. வைஸ்ராய் பிறந்தநாள் பரிசாக மகனை விடுவித்தாராம். பிறகு 1942-லிருந்து 44 வரை இதே கொடைக்கானலில் வாசம். இங்கே சிறு பிள்ளைகளோடு சுற்றியபோதுதான், முதலில் பிரபஞ்சம் முழுவதையும் காட்டு, அப்புறம் புல்லையும் பூச்சியையும் காட்டு என்கிற 'பிரபஞ்சக் கல்வி' உருவானது.

பிற்பாடு இத்தாலி தன் 1000 லிரா நோட்டில் அவர் படத்தைப் போட்டது, 1990-ல். 2002-ல் யூரோ வந்து அந்த நோட்டும் போய்விட்டது. ஒரு டீச்சரின் படத்தை ரூபாய் நோட்டில் போட்ட தேசம் என்பதால் இத்தாலி மேல் எனக்கு அன்றிரவு மரியாதை பிறந்தது. கூடவே ஒரு கேள்வியும். ஏழைப் பேட்டையில் ஆரம்பித்த சமாசாரம் நம் ஊரில் எப்படி இவ்வளவு பீஸ் வாங்குகிற சமாசாரமாயிற்று? என் மூன்று வருட பி.காமின் மொத்தச் செலவு, மருமகனின் ஒரு டெர்ம் பீஸில் பாதி தேறாது. அக்காவிடமே கேட்டேன். "அந்த வெட்கம் எங்களுக்கும் இருக்கு சார்" என்றார். வேறு சமாதானம் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் அதை நல்ல பாயிண்டாகக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணி. பல் கூசும் குளிர். பங்களாவை ஒட்டிய சரிவுப் பாதையில் பிள்ளைகள் ஒரு கறுப்புத் துணிச் சுருளை உருட்டிவிட்டார்கள். குடைத்துணியைத் துண்டு துண்டாகத் தைத்தது. 46 மீட்டர் நீளம். பூமியின் வயது சுமார் 460 கோடி வருஷம். ஆக, ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி. துணி உருண்டு உருண்டு போய்க்கொண்டே இருக்கிறது. ஒன்றும் வரவில்லை, வெறும் கறுப்பு. பதினோரு மீட்டர் நடந்த பிறகு ஒரு பச்சை நூல், உயிர். கடைசியில் இரண்டேகால் மீட்டர் இருக்கும்போது டைனோசர் வருகிறது. முடிவுக்கு 66 சென்டிமீட்டர் முன்னால் காலி. துணியின் ஓரத்தில் மூன்றே மூன்று மில்லிமீட்டர் வெள்ளைத் தையல். அதுதான் மனுஷன். ஆதி மனிதனிலிருந்து அத்தானின் இரும்புக்கடை வரைக்கும் அந்தத் தையலுக்குள் அடக்கம்.

சுற்றுலா வந்த கூட்டம் ஒன்று நின்று, "என்ன ஷூட்டிங்? ஹீரோ யாரு?" என்றது. தெருநாய் ஒன்று சரியாக டைனோசர் மேல் படுத்துக்கொண்டது. யாரும் விரட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் சூரியன்.

ஜவுளிக்கடையில் துணி சுற்றி வருமே அட்டைக் குழாய், அதை ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஆளுக்கு இரண்டு மீட்டர் நீளக் குழாய். ஒரு முனையில் இட்லி கட்டித்தருகிற அலுமினியத் தாளை ஒட்டி நடுவில் துளை. மறுமுனையில் பட்டர் பேப்பர். துளையைச் சூரியன் பக்கம் திருப்பினால், பட்டர் பேப்பரில் குட்டியாக ஒரு வட்டம் விழும். அது துளையின் வட்டம் இல்லை, சூரியனின் படம்! (நேராகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. குழாய் வழியாகவும் கூடாது. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பட்டர் பேப்பரை மட்டும் பார்க்க வேண்டும். அக்கா இதைப் பத்து தடவை சொன்னார்.) வட்டத்தின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். அதைக் குழாயின் நீளத்தால் வகுத்து, சூரியன் இருக்கும் தூரத்தால் பெருக்கினால் சூரியனின் குறுக்களவு வந்துவிடும். தூரம் 15 கோடி கிலோமீட்டர். "அந்த ஒரு எண் மட்டும் கடன் வாங்கினது. அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கிறது அடுத்த வருஷம்" என்றார் அக்கா.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வகுத்தல். அலுமினியத் தாள் உட்பட பத்து ரூபாய் செலவு. எனக்கு வயிறு எரிந்தது. நான் படித்த பள்ளியில் விஞ்ஞானச் சாமான்கள் எல்லாம் கண்ணாடி பீரோவில் இருக்கும். பூட்டு இருக்கும். சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கும். ஒரு குவி லென்ஸை நான் தொட்டது பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வு அன்றுதான், அதுவும் இரண்டு நிமிடம். அளவு என்ன வரணும் என்று முன்னாலேயே கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தார்கள். எழுதினேன், முழு மார்க். 'சயின்ஸ் நமக்கு வராது' என்று பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்துக்கொண்டேன்.

எட்டரை மணிக்கு விடைகள் வர ஆரம்பித்தன. பொருளாளர் பெண்ணுக்கு 14 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர். இன்னொரு பையனுக்கு 13 லட்சத்து 60. எல்லோருக்கும் 14 லட்சத்தைச் சுற்றியே வந்தது.

நம்ம ஆளுக்கு 16 லட்சத்து 12 ஆயிரத்து 500.

மறுபடி அளந்தான். அதே இருபத்தொன்றரை மில்லிமீட்டர். மறுபடி, அதே. காது மடல் சிவந்துவிட்டது. கேள்வித்தாளைப் பார்த்தால் வருமே, அந்த முகம் வந்துவிட்டது. அடுத்தது எழுந்து போய்விடுவான். எனக்குப் பாசம் பொங்கியது. பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன்: "பதினாலுன்னு எழுதிடுடா. எல்லாருக்கும் அதான் வருது."

நிமிர்ந்து பார்த்தான். "நான் பாத்தது அது இல்லையே மாமா."

பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். "சார், கொஞ்சம் இப்படி வர்றீங்களா?" என்று காபி கொடுக்கிற பாவனையில் தள்ளிக்கொண்டு போய், "அந்த எண்ணை அவனுக்குக் குடுத்துடாதீங்க. குடுத்தா அதோட முடிஞ்சுடும்" என்றார்.

"தப்புன்னு நீங்களாவது சொல்லலாமே மேடம்?"

"அவன் அளந்தது தப்பில்லை சார்."

இது என்ன பதில்! பதினாறும் தப்பில்லை, பதினாலும் தப்பில்லை என்றால் எந்தக் கணக்கு டேலி ஆகும்? அத்தான் சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்தேன்.

அன்று நடுப்பகலில் இன்னொரு வேடிக்கை. வருஷத்தில் இரண்டு நாள், கொடைக்கானலில் உச்சிச் சூரியன் சரியாகத் தலைக்கு நேர் மேலே வரும். ஏப்ரல் பாதியில் ஒன்று, ஆகஸ்ட் கடைசியில் ஒன்று. அப்போது நட்டு வைத்த கம்புக்கு நிழலே இராது. அதுவும் கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்கு இல்லை. நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துச் சூரியனுக்கு வைத்தது, கொடைக்கானலுக்கு உச்சி வருவது 12.20-க்கு. பிள்ளைகள் எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 12.10-க்கு நிழல் மெல்லிசாக ஒரு கீற்று. 12.16-க்குக் கொடைக்கானலின் மாமூல் மேகம் வந்தது. 12.31-க்குப் போனது. கீற்று மறுபக்கம் எட்டிப்பார்த்தது. பதினெட்டுப் பேரும் மேகத்தைத் திட்டிவிட்டுச் சாம்பார் சாதம் சாப்பிடப் போனார்கள்.

பதினேழு பேர். மருமகனைக் காணோம்.

பங்களாவின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்து குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தான். கோபத்தில் உடைக்கிறான் என்று நினைத்தேன். இல்லை. ஒரு மீட்டராகக் குறைத்துவிட்டு மறுபடி சூரியனைப் பிடித்தான். வட்டம் பன்னிரண்டரை மில்லிமீட்டர்.

"பாதி நீளத்துக்குப் பாதி வரணும்ல மாமா? பத்தே முக்கால் வரணும். பன்னெண்டரை வருது." மணலில் கணக்குப் போட்டான். சூரியன் இப்போது 18 லட்சத்து 75 ஆயிரம்! "குழாயைக் குறைச்சா சூரியன் பெருக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாதது நல்லதாகப் போயிற்று. தெரிந்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன்.

பொருளாளர் பெண்ணிடம் ஒரு மீட்டர் கடன் வாங்கி, மூன்று மீட்டராக நீட்டினான். நான் ஒரு முனையைத் தாங்கிக்கொண்டேன். மேகம் விலகுவதற்கும் மூடுவதற்கும் நடுவில், நாலு தடவை முயன்று, அளந்தான். முப்பத்தொன்று. கணக்குப் போட்டால் 15 லட்சத்து 50 ஆயிரம். நீளம் கூடக் கூடச் சூரியன் இளைக்கிறது.

மணலில் மூன்று எண்கள், பன்னிரண்டரை, இருபத்தொன்றரை, முப்பத்தொன்று. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். இருபது வருஷமாக லெட்ஜர் எண்களைப் பார்த்த கண் அல்லவா? அது தானாகக் கழித்துப் பார்த்தது. ஒன்பது... ஒன்பதரை. மீட்டருக்கு ஒன்பது சொச்சம்தான் கூடுகிறது. அப்படியானால் முதல் மீட்டருக்கு மட்டும் ஏன் பன்னிரண்டரை? மூன்று சொச்சம் எங்கிருந்து வந்தது?

வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த சிரமமான காரியங்களில் அது ஒன்று.

"மாமா... குழாயே இல்லைன்னா?" என்றான் திடீரென்று. "பூஜ்யம் மீட்டர். அப்ப மூணு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்ல? குழாயே இல்லாம எப்படிப் படம்..." என்றவன் பாய்ந்து போய் அலுமினியத் தாளை எடுத்தான். மற்றவர்கள் ஊசியால் குத்தியிருந்தார்கள். படம் மங்கலாக இருக்கிறது என்று இவன் மட்டும் ஆணியால் குத்தியிருந்தான். துளையின் மேல் ஸ்கேலை வைத்தான். மூன்று மில்லிமீட்டர்.

"ஓட்டை மாமா! ஓட்டையோட சைஸும் சேந்து விழுகுது! எவ்வளவு நீளமா போனாலும் அது கூடவே வருது!"

"ஆரம்ப இருப்பு" என்றேன் நான்.

"என்னது?"

"வருஷ ஆரம்பத்துல கையில இருந்த பணம். அதைக் கழிக்காம வருஷ வருமானம் இவ்வளவுன்னு சொன்னா கணக்குத் தப்பாயிடும்டா. உங்க பொருளாளர் நோட்டுல முதல் வரி."

"அதுக்குப் பேரெல்லாம் இருக்கா?" என்றான், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி. பிறகு கழித்தான். மீட்டருக்கு ஒன்பதேகால் மில்லிமீட்டர். பதினைந்து கோடியால் பெருக்கினான். 13 லட்சத்து 87 ஆயிரத்து 500 கிலோமீட்டர்.

அக்காவிடம் ஓடினான். அக்கா பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திறந்து, அவனிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதில் 13 லட்சத்து 90 ஆயிரம் சொச்சம் என்றிருந்தது. அன்று அந்தக் கூட்டத்திலேயே கிட்டத்தில் வந்தவன் அவன்தான். கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை. எல்லோரும் அவரவர் துளையை அளக்கப் போய்விட்டார்கள்.

ராத்திரி அவன் இன்னொன்று கண்டுபிடித்தான். ஒரு மீட்டரை ஒன்பதேகால் மில்லிமீட்டரால் வகுத்தால் 108. ஆக, சூரியன் எவ்வளவு அகலமோ அதைப்போல் 108 மடங்கு தூரத்தில் இருக்கிறது. "ஆம்புலன்ஸ் நம்பர்" என்றாள் பொருளாளர். "அர்ச்சனை நம்பர்" என்றார் சமையலுக்கு வந்த பெரியவர்.

மூன்றாம் நாள் சூரிய ஆய்வுக்கூடம். ஏரியிலிருந்து மேடேறினால் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு நடுவில். கொடைக்கானல் போகிறவர்கள் தற்கொலைப் பாறை, தூண் பாறை, குணா குகை என்று வரிசையாகச் சுற்றிவிட்டு, இந்த இடத்தைப் பார்க்காமல் வர்க்கி வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நானும் நாலு தடவை அப்படித்தான் இறங்கியிருக்கிறேன். 1876-லிருந்து 78 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பின், மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் ஏதாவது மாறுகிறதா என்று வெள்ளைக்காரர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். சூரியனைத் தினமும் கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்று 1899-ல் இதை நிறுவினார்கள். சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தின் வாரிசு. 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்றைக்கும் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் பெயர். 1904-லிருந்து, மேகம் இல்லாத நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நூற்றிருபது வருஷத்துப் பேரேடு! இப்படி ஒரு லெட்ஜரை எந்தக் கம்பெனியிலும் நான் பார்த்ததில்லை.

அருங்காட்சியகத்தில் அன்றைய சூரியனையே திரையில் விழ வைத்திருந்தார்கள். நாலைந்து கரும்புள்ளிகள். பக்கத்தில் வானவில்லைப் பிரித்து நடுநடுவே கறுப்புக் கோடுகள். ஆதித்யா எல்-1 பற்றி ஒரு பையன் ஆரம்பித்தான். 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பியதே, அதில் சூரியனின் வெளிவட்டத்தைப் படமெடுக்கும் கருவி, இந்த ஆய்வுக்கூடத்தையும் நடத்துகிற பெங்களூர் நிறுவனத்தில் உருவானது. "ப்ராஜெக்ட் டைரக்டர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரங்க, தெரியும்ல?" என்றாள் பொருளாளர், தன் சொந்த அத்தையைப் போல.

அங்கிருந்த ஊழியர் சுரங்கத் தொலைநோக்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தரையடியில் 60 மீட்டர் சுரங்கம். மேலே கோபுரத்தில் கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்து உள்ளே திருப்புகின்றன. 38 சென்டிமீட்டர் லென்ஸ் ஒன்று அதை வாங்கி 34 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரியனைப் படமாக விழவைக்கிறது.

மருமகன் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். சாமி கும்பிடுகிறானோ என்று பார்த்தேன். கையைத் தூக்கினான். மூன்று வருஷத்தில் அவன் கையைத் தூக்கி நான் பார்த்ததில்லை.

"அந்த லென்ஸ்லேர்ந்து படம் விழுற இடம் முப்பத்தாறு, முப்பத்தேழு மீட்டர் இருக்குமா சார்?"

ஊழியர் நிறுத்தினார். "முப்பத்தாறு மீட்டர். எங்க படிச்சே?"

"படிக்கலை சார். முப்பத்திநாலை நூத்தியெட்டால பெருக்கினேன்."

"ஏன் நூத்தியெட்டு?"

அப்புறம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது கால் மணி நேரம். நான் வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். சளி பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு அத்தான் போன் செய்தார். "என்ன மாப்ளே, ரிப்போர்ட்?"

"சூரியனை அளந்தான் அத்தான்."

"சரி. எத்தனை மார்க்?"

"மார்க் போடலை."

"அதைத்தானே நான் சொல்றேன்!" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை இறங்கினோம். மறுநாள் காலை, நேரில் சொல்லிவிடுவோம் என்று கடைக்குப் போனேன். பையனும் வந்தான். கல்லாவில் விண்ணப்பம் டிராயரைவிட்டு மேலே வந்து, ஒரு பேரிங்கின் கீழ் இருந்தது. பெயர், பிறந்த தேதி எல்லாம் பூர்த்தியாகிவிட்டது. கையெழுத்து மட்டும் பாக்கி. நான் கொண்டு வந்த பேச்செல்லாம் தொண்டையில் நின்றது.

பையன் பின்பக்கம் குடோனுக்குப் போனவன், வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தோம். கம்பிக் கட்டுகளுக்கு நடுவே தரையில் மண்டியிட்டிருந்தான். தகரக் கூரையில் போல்ட் கழன்ற ஓட்டை வழியாக ஒரு வெளிச்ச வட்டம் தரையில் கிடந்தது. பழைய ஒரு ரூபாய் மாதிரி, ஆனால் பெரிசு. இருபது வருஷமாக அத்தான் மிதித்துப் போகிற வட்டம்.

"என்னடா தேடுறே?"

"இது சூரியன்ப்பா" என்றான். கடை டேப்பை வைத்து வட்டத்தை அளந்தான். 57 மில்லிமீட்டர். எழுந்து போய், பெட்டியிலிருந்து கூரைக்குப் போடுகிற ஜே போல்ட் ஒன்றை எடுத்துக் கனத்தை அளந்தான். எட்டு. "ஆரம்ப இருப்பு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கழித்தான். "பன்னெண்டே கால் தாண்டட்டும் மாமா. அப்பத்தான் நேரா விழும்." காத்திருந்தோம். அத்தானும் ஏனோ கல்லாவுக்குத் திரும்பிப் போகவில்லை. 12.17-க்கு மறுபடி அளந்தான். அதே 57.

"இந்த இடத்துல கூரை அஞ்சே கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல. பதினேழு அடி நாலு அங்குலம் இருக்கும்ப்பா."

"பதினாறு அடி" என்றார் அத்தான். "நான் நின்னு கட்டினது. எனக்குத் தெரியாதா?"

"பதினேழு நாலு."

அத்தான் அவனைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தரையில் கிடந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு, "ஏணியைக் கொண்டா" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஏறினார். ஐம்பது வயதில் வேண்டாத வேலை என்று நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கீழே பையன் வட்டத்தின் நடுவில் டேப்பின் நுனியை வைத்து அழுத்தினான். மேலே அத்தான் டேப்பை ஓட்டையருகே இழுத்து வைத்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி படித்தார்.

"எவ்வளவுப்பா?"

"டேப்பை நேராப் பிடிடா" என்றார் அத்தான்.